ஜன்னலைத் திறந்தவன் நான் இல்லை

மார்ச் 15

அக்கா,

மார்ச் 14, சனிக்கிழமை, மாலை 5.52. உன் ஆஸ்பத்திரி அரங்கில் போட்டிருந்த நாற்காலிகள் 120. உட்கார்ந்திருந்த தலைகள் 61. அந்த நிமிஷத்தில் எழுந்து வெளியே போன தலை ஒன்று. அது நான். "தம்பிக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு போல" என்று பக்கத்தில் யாரிடமாவது சொல்லிச் சமாளித்திருப்பாய். என் பஸ் ஏழரைக்கு. நான் வெளியே போனது அருவருப்பு தாங்காமல்.

போனில் சொல்லலாம், ஆனால் நீ குறுக்கே பேசுவாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கடைசியில் ஒரு இதயத்தைப் போட்டு விஷயத்தை முடித்துவிடுவாய். அதனால் மெயில். முழுக்கப் படி.

வரவேற்பறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வயிற்றுப் பையோடு வாழ்கிறவர்களைப் பற்றிய கண்காட்சி என்று போட்டிருந்தது. சரி. அந்தப் பையை வெல்வெட்டில் தைத்து, ஜிகினா ஒட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்தீர்கள். நான் அந்தப் பையைத் தயாரிக்கிற கம்பெனி லேபில் தினமும் அதோடு மாரடிக்கிறவன். குடலை வெட்டி, மிச்சத்தை வயிற்றில் போட்ட துளை வழியாக வெளியே திருப்பிவிட்டு, அந்தத் துளையின் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் பை அது. அதில் என்ன வந்து விழும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு எதற்கு ஜிகினா? பெட்டிக்குப் பக்கத்திலேயே கிரீம் பிஸ்கட் தட்டு. உங்கள் தலைமை சர்ஜன் வாயில் பிஸ்கட்டோடு "ரொம்ப ஆழமா இருக்கு" என்றார். எது ஆழம்? அவர் வெட்டிய இடமா?

அடுத்து, மைக்கைப் பிடித்த உன் தோழி. நோயாளி என்று சொல்லக் கூடாதாம், 'பயணி' என்று சொல்ல வேண்டுமாம். எந்த பஸ்ஸில் போகிறார்கள்? டிக்கெட் யார் எடுத்தது? ஏழு நிமிஷத்தில் 'பயணம்' என்ற வார்த்தையைப் பதினொரு முறை சொன்னாள். நுழைந்தவுடன் கையில் திணித்த மஞ்சள் ஒட்டுத்தாளில் 'உங்கள் உணர்வை ஒரே வார்த்தையில்' எழுதச் சொன்னாள். என் வார்த்தை 'குமட்டல்'. ஒட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தேடிப் பார், இருக்கும்.

அப்புறம் ஆராய்ச்சி என்று நீ போட்ட நாடகம். அதில் ஒன்றே ஒன்று தேவலை. வசனமில்லாத ஒரு காட்சி. நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். மகன் வருகிறான். வாசலில் நிற்கிறான், மூக்கால் ஒரு இழு இழுக்கிறான், முகத்தை நேராக்கிக்கொண்டு உள்ளே வருகிறான். போகிறான், மறுபடி வருகிறான், மறுபடி ஒரு இழு. நாலாவது தடவை அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். அந்த நடிகனுக்கு நல்ல மூக்கு.

அதற்கு அடுத்ததுதான் ஜன்னல் காட்சி. சாப்பாட்டு மேசை. அம்மா வந்து உட்கார்ந்ததும் மகன் எழுந்து ஜன்னலைத் திறக்கிறான். பிறகு தன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றபடி சாப்பிடுகிறான். அம்மா குனிந்து தன் வயிற்றைப் பார்க்கிறாள். விளக்கு அணைகிறது. முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அக்கா, அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி அந்தப் பை வந்த முதல் மாதம், சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு தடவை ஜன்னலைத் திறந்தேன். ஒரே ஒரு தடவை. அடுப்பில் எண்ணெய் தீய்ந்து வீடே புகை. நீயும் இருமிக்கொண்டு அங்கேதான் இருந்தாய். அதை எடுத்து, தட்டைத் தூக்குகிற சமாச்சாரத்தை நீயே சேர்த்து, அறுபது பேர் முன்னால், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என்னைப் படுபாவி ஆக்கியிருக்கிறாய். இதற்கு ஆராய்ச்சி என்று பேர். எங்கள் லேபில் யாராவது இப்படித் தரவைத் திரித்தால் அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான்.

28ஆம் தேதி மாநாட்டில் இதை மறுபடி போடப்போவதாக நோட்டீஸில் பார்த்தேன். அந்தக் காட்சி இருக்கக் கூடாது.

தம்பி

*

மார்ச் 17

மூக்கா,

குமட்டல் கிடைத்தது. எழுதியது யார் என்று கையெழுத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. 'மனதைத் தொட்டது, ஏ.சி. போதவில்லை' என்ற தாளுக்கும் ஒரு சிரிக்கும் மூஞ்சிக்கும் நடுவில் ஒட்டியிருந்தது. நேற்று சாயந்திரம் முழுக்க அந்த மஞ்சள் தாள்களைச் சுவரிலிருந்து நகத்தால் சுரண்டினேன். அவற்றில் உன்னுடையது ஒன்றுதான் நாடகத்தைப் பார்த்து எழுதியது போல இருந்தது. நீ அதை நாடகத்துக்கு முன்பே எழுதியிருக்கிறாய் என்பது வேறு விஷயம்.

ஜிகினா என் யோசனை இல்லை. பிஸ்கட்டும் இல்லை. அந்த 'ஆழமான' மனிதர், அடுத்த மாதம் நன்கொடையாளர் விருந்துக்கு இதைப் பத்து நிமிஷமாகச் சுருக்கித் தர முடியுமா என்று கேட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் போட்டால் போதுமாம். நான் வீட்டுக்குப் போய் இரண்டு தடவை கை கழுவினேன். அருவருப்பு உனக்கு மட்டும் வருகிற வரம் என்று நினைத்துக்கொள்ளாதே.

தரவைத் திரித்தேன் என்கிறாய். கேட்டுக்கொள். முதலில் நாங்கள் உன்னை மாதிரி ஆட்களுக்குப் பிடித்த வழியில்தான் போனோம். கேள்வித்தாள். 'வீட்டில் உங்களை எப்படி நடத்துகிறார்கள்?' இருபத்திநாலு பேர். இருபத்திநாலு பேரும் 'நன்றாக' என்பதில் டிக் போட்டார்கள். உன் லேபில் இருபத்திநாலு பையும் ஒரே அளவு காட்டினால் என்ன செய்வாய்? மீட்டரைத்தானே சந்தேகப்படுவாய்?

அதனால் மீட்டரை மாற்றினோம். அறை நடுவில் ஒரு நாற்காலி. எதிரே ஒரு கதவு. 'உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் உங்களைப் பார்க்க உள்ளே வருகிறார். அவர் எப்படி வருவார் என்று நடித்துக் காட்டுங்கள். பேச வேண்டாம்.' அவ்வளவுதான். மத்தியானம் ஆரம்பித்த பட்டறை இருட்டும் வரை நடந்தது. பேசச் சொன்னபோது 'நன்றாக' என்று சொன்ன அதே ஆட்கள்.

பட்டறைக்குள் நான் கால் வைக்கவில்லை. அந்த இருபத்திநாலு பேரும் வருகிற கிளினிக்குக்குத்தான் அம்மாவும் போகிறவள், நான் அங்கே இருந்தால் முறையில்லை. நடத்தியது என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ். என் கைக்கு வந்தது பேரில்லாத காட்சிகள். இருபத்திநாலு வீட்டு மகன்களையும் மருமகள்களையும் கணவன்களையும் கரைத்து மூன்று பாத்திரமாக ஊற்றினோம். அதில் நான் எதையும் சேர்க்கவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் தட்டு இருந்தது என்றால், எந்த வீட்டிலோ அந்தத் தட்டு இருந்தது.

அறுபத்தொரு பேரில் எழுந்து போனவன் நீ ஒருத்தன்தான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் ஞாபகம் வருகிறது.

அக்கா

*

மார்ச் 18

அக்கா,

பழமொழி சொல்லித் தப்பிக்காதே. நேராகக் கேட்கிறேன். அம்மா அந்தப் பட்டறைக்கு வந்தாளா? வந்திருந்தால் அவள் நடித்துக் காட்டிய காட்சி எது? ஆமாம் இல்லை என்று இரண்டில் ஒன்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது.

கரைத்து ஊற்றினேன் என்று பெருமையாகச் சொல்கிறாய். இருபத்திநாலு மாதிரியை ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு, எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல மாட்டேன் என்றால், அதற்கு எங்கள் ஊழியர்கள் வைத்திருக்கும் பேரை இங்கே எழுத முடியாது. ஒரு மகன் செய்த அசிங்கத்தை இன்னொரு மகனின் சட்டையில் துடைக்கிறாய்.

ஆராய்ச்சி நெறிக்குழுவுக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து அம்சம். ஒன்று, ஜிகினா. இரண்டு, பிஸ்கட்டும் ஒட்டுத்தாளும். மூன்று, சொந்தக் குடும்பத்தை ஆராய்ச்சிப் பொருள் ஆக்கியது. நாலு, ஜன்னல் காட்சி. ஐந்து, ஒரு காட்சி எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்க வழியே இல்லாதது. மூன்றாவதைப் படித்தால் 28ஆம் தேதி மேடையில் திரை ஏறாது. உனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை வரை பொறுப்பேன்.

தம்பி

*

மார்ச் 19

தம்பி,

புகாரை அனுப்பு. முதல் இரண்டுக்கும் என் கையெழுத்தையும் போட்டுக்கொள்.

மற்றதற்குப் பதில்: சொல்ல மாட்டேன். அம்மா வந்தாளா என்பதைக்கூடச் சொல்ல மாட்டேன். வந்தவர்களிடம் 'உங்கள் வீட்டாருக்குத் தெரியவராது' என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்தக் கதவைத் திறந்தோம். வீட்டார் மிரட்டினால் சொல்லிவிடலாம் என்று அந்த வாக்கில் ஒரு வரி இல்லை. மூன்று வருஷ வேலை போனாலும் போகட்டும்.

ஆனால் அம்மாவை எந்த விதியும் கட்டுப்படுத்தாது. அவளிடம் நீயே கேட்கலாம். கேட்க மாட்டாய். ஏனென்றால் அவளிடம் உனக்கு இரண்டே கேள்விதான் தெரியும். நீ வரும்போதெல்லாம் நான் காதால் கேட்டிருக்கிறேன். "லீக் ஆகுதா?" "ஃபில்டர் எப்படி?" சர்வீஸுக்கு வந்த ஆள் மாதிரி வருவாய், சாப்பிடுவாய், உங்கள் கம்பெனிப் பை ஒரு டப்பா கொடுப்பாய், போவாய்.

மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறவனுக்கே இவ்வளவு ரோஷம். தினமும் பார்க்கிறவளாக்கும் நான். எனக்கும் அவளிடம் கேட்கத் தெரியவில்லை. அதனால்தான் நாற்காலியையும் கதவையும் வைத்துக்கொண்டு ஊரார் வீட்டு அம்மாக்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதை உன் புகாரில் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன். இது என் சனிக்கிழமை இல்லை. சொல்லாமல் போனேன்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் தன் இடுப்புப் பக்கம் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொல்லிட்டு வந்திருக்கலாமேடா" என்றாள். உட்கார்ந்த உடனே கேட்டேன்.

"அந்த ஜன்னல் நானாம்மா?"

"எந்த ஜன்னல்?"

"நாடகத்துல. தட்டைத் தூக்கிட்டுப் போறானே."

"சீ. அது யாரோ ஒரு புண்ணியவான். நீ என்னிக்குத் தட்டைத் தூக்கிட்டுப் போயிருக்கே? சாப்பிட உக்காந்தா பக்கத்துல இடி விழுந்தாலும் உனக்குக் கேக்காது."

எனக்கு அப்போது வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னைத் திட்ட நாலு வாக்கியம் தயாராகிவிட்டது. "அப்ப நீ அந்தப் பட்டறைக்கே போகலையா?" என்றேன்.

"போனேனே." ஒரு காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். "என்னோடது அந்த மூக்கு."

அவள் தலை நிமிரவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வாசல்ல செருப்பைக் கழட்டுவே. நிமிர்ந்து ஒரு இழு இழுப்பே. அப்புறம்தான் உள்ள காலை வைப்பே. ரெண்டு வருஷமா ஒரு தடவை கூடத் தவறினதில்ல. நீ வர்ற சனிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை ராத்திரியே நான் சாப்பாட்டை நிறுத்திடுவேன். உள்ள ஒண்ணும் போகலைன்னா வெளிய ஒண்ணும் வராதுல்ல. நீ வந்து இழுத்து முடிச்சப்புறம், உன்னோட உக்காந்துதான் சாப்பிடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? மூக்கை மூடிக்கிட்டு வான்னா?" என்றாள். பிறகு, "அன்னிக்கு அந்தப் பையன் நடிக்கறப்ப நீ சிரிச்சே பாரு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துது. சரி, இவன் தெரிஞ்சு செய்யல" என்றாள்.

அக்கா, நான் செய்தது தெரிந்துதான். அதை உனக்கு விளக்கியாக வேண்டும். எங்கள் லேபில் மூக்குக் குழு என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர். பையின் கரி ஃபில்டர் வாடையைத் தடுக்கிறதா என்று எந்த மீட்டரும் சரியாகச் சொல்லாது, மனுஷ மூக்குதான் சொல்லும். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஒரு மூச்சு, அதுவும் முதல் மூச்சு மட்டும்தான் செல்லும். இரண்டாவதில் மூக்கு பழகிவிடும். அதனால்தான் வாசலிலேயே. உள்ளே வந்துவிட்டால் முடிவு தப்பாகிவிடும். எங்கள் பை என் அம்மாவின் வயிற்றில் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான் கொடுத்தது பூஜ்யம். பூஜ்யம் என்றால் வாடையே இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பெருமையாக இருந்தது. நீ கேலி பண்ணின சர்வீஸ் ஆள் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

இதை அவளிடமும் சொன்னேன். "அப்படியா" என்றாள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு சுவிட்சை அணைத்தாள்.

வெறும் வயிற்றையும் வெறும் பையையும் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் சோதனை நடத்தியிருக்கிறேன். அந்தப் பூஜ்யம் ஒவ்வொன்றும் செல்லாது. நினைத்தாலே குமட்டுகிறது. ஆனால் அருவருப்பு வேறு, சோதனை வேறு. அதை நீயாவது ஒத்துக்கொள்.

புகாரை இன்னும் அனுப்பவில்லை.

தம்பி

*

மார்ச் 23

தம்பி,

வெள்ளிக்கிழமை அவள் சாப்பிடாதது எனக்குத் தெரியாது. இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிறேன். தெரியாது. காட்சியில் அது இல்லை. நாற்காலியும் கதவும் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நானும் கொஞ்சம் இறுமாந்துதான் இருந்தேன். நேற்று ராத்திரி அவளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உனக்கும் அவன் புத்திதான்" என்றாள்.

அருவருப்பு வேறு, சோதனை வேறு என்று என்னை ஒத்துக்கொள்ளச் சொல்கிறாய். ஒத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. எந்தப் பையைச் சோதித்தாய்?

அம்மா இப்போது ஒட்டுவது எந்தப் பை என்று அவளிடம் கேள். ஆராய்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது நம் வீட்டு ரகசியம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சொல்லவில்லை. கேள் என்றுதான் சொல்கிறேன்.

அக்கா

*

மார்ச் 25

அக்கா,

போனில் கேட்டேன். டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு சொன்னாள்.

"உங்க கம்பெனி பசை எனக்கு ஒத்துக்கலடா. சுத்திச் சிவந்து, தோலெல்லாம் உரிஞ்சு வந்துடுச்சு. கிளினிக்ல வேற கம்பெனி குடுத்தாங்க."

"எப்போ?"

"எட்டு மாசம் இருக்கும்."

"நான் கொண்டாந்து குடுக்கற டப்பா?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு. நீ ஆசையாக் கொண்டாந்து குடுக்கறே. வேண்டாம்னு எப்படிடா சொல்றது?"

அவள் ஒட்டுகிற பையின் பேரைக் கேட்டு வாங்கினேன். அதில் இருப்பது எங்கள் ஃபில்டர் இல்லை. எங்கள் பசை இல்லை, எங்கள் பிளாஸ்டிக் இல்லை. அதற்கும் எனக்கும் ஒரு ஸ்நானப் பிராப்தியும் கிடையாது.

தோல் எப்படி இருக்கிறது என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. தோலும் பசையும் எங்கள் லேபில் வேறு பிரிவு, மாடியில் இருக்கிறார்கள். அந்தப் புண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: எட்டு மாதமாக நான் சோதித்தது எங்கள் பையை இல்லை. பையைக் கழித்தால் நான் முகர்ந்தது அம்மாவைத்தான் என்று நீ எழுத வேண்டாம். எனக்குக் கணக்குத் தெரியும். உங்கள் ஜிகினா மேல் வந்த அருவருப்பு இப்போது என் மூக்கு மேல் வந்திருக்கிறது. அதைக் கழற்றி வைக்கவும் முடியாது.

அடுத்து நான் செய்யப்போவது:

1. புகாரை அனுப்புகிறேன். ஐந்தில் மூன்று, நாலு, ஐந்தை எடுத்துவிட்டேன். ஜிகினாவும் பிஸ்கட்டும் இருக்கின்றன. உன் கையெழுத்து வேண்டாம், உன் வேலை இருக்கட்டும்.

2. நாளை மாடிக்குப் போய்ப் பசைப் பிரிவில் கேட்பேன், தோல் உரிந்ததாக எத்தனை பேர் சொன்னார்கள், எத்தனை பேர் 'நன்றாக' என்பதில் டிக் போட்டார்கள் என்று.

3. கட்டிலுக்கு அடியில் இருக்கும் டப்பாக்களை எடுத்து வந்துவிடுவேன். புதிதாக எதையும் கொண்டுபோக மாட்டேன். வெறும் கையோடு போய்ப் பழக வேண்டும்.

4. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள். அந்தப் பதில் செல்லாது. அதனால் அந்த நேரத்தில் நீ அவள் எதிரே தட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

5. 28ஆம் தேதி மாலை அரங்குக்கு வருவேன். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. மூக்குக் காட்சியை எடுக்காதே. அது வரும்போது அவள் சிரித்தால் நானும் சிரிப்பேன். இல்லாவிட்டால் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

6. அதற்கு முன், அன்றைக்குக் காலையில், அம்மா வீடு. பெல்லை அடித்த உடனே பேச ஆரம்பித்துவிடுவேன். பஸ், வெயில், ஆபீஸ், எதையாவது. செருப்பைக் கழற்றும்போதும் பேசுவேன், வாசலைத் தாண்டும்போதும் பேசுவேன். பேசுகிறவனால் முகர முடியாது. நேற்று லேபில் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

தம்பி